புவாசிக்குப் போட்ட ஊசிகள்

பாங்காக்கிலிருந்து வெகு தூரத்தில் இருந்த அந்த ஊரில், ஊசி நாளில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் கம்சிங் பெரியவர். வயிற்றுப் புண்ணுக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் அவருடைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சில வருஷங்களில் பாதங்கள் மரத்துப் போயின, நாக்கு வழுவழுவென்று சிவந்தது, உடம்பில் ரத்தம் குறைந்தது. சாப்பாட்டிலிருந்து அவர் குடலுக்கு எடுக்க வராத ஏதோ ஒரு சத்தை ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று சிவப்பு மருந்தொன்றை எழுதிக் கொடுத்தார்கள். மாதாமாதம் அதற்காக பஸ் ஏறுவானேன், ஊரிலேயே டாக்டர் தோங்பான் இருக்கும்போது?

தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய தோங்பான் வீட்டுக்கடியில், அந்த மரத்தூண்களுக்கு நடுவே போட்டிருந்த மூங்கில் கட்டிலில் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அடுப்பு. அதில் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றி, கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் கொதிக்கவிட்டுக்கொண்டு தோங்பானின் மனைவி புவாசி குந்தியிருப்பாள்.

"சிவப்பு எனக்கு, பழுப்பு பயோமுக்கு. மாத்தி எடுத்து வச்சிராத புவாசி. அப்புறம் எனக்குப் பால் சுரந்துரும், அவளுக்கு மீசை முளைச்சிரும்" என்பார் கம்சிங்.

கட்டிலின் மறுமுனையில் கைக்குழந்தையோடு இருந்த பயோம் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிள்ளை பெற்றபோது ரத்தம் ஆறாகப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள். தோங்பான் பழுப்பு ஊசி போட்டான். அது இரும்புச் சத்து. போட்ட இடத்தில் கறை பிடித்துக் கிடக்கும், நாலு நாள் உட்கார முடியாது. ஆனால் அடுத்த நடவுக்குள் பயோம் நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினாள். அதை ஊரே பார்த்தது.

பயோமின் தாய்க்கு வாய் சும்மா இராது. "ஏன் டாக்டரே, ஊருக்கெல்லாம் உன் ஊசியில ரத்தம் ஊறுது. உன் பொண்டாட்டி மூஞ்சி மட்டும் ஏன் இப்படிக் கெடக்கு? கரண்ட வீட்டுக்கு விடாம தெருவுக்கு விட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோங்பானும் சிரித்தான். ஆனால் அன்று கூட்டம் கலைந்ததும் பழுப்பு மருந்துக் குப்பி ஒன்றைக் கூடுதலாக உடைத்தான்.

"திரும்பிப் படு, ரத்சனி அம்மா. உனக்குப் போடுறது பத்தல" என்றான் மனைவியிடம்.

புவாசி திரும்பிப் படுத்தாள்.

தோங்பானை ஊர் டாக்டர் என்று கூப்பிட்டாலும் அவன் படித்த டாக்டர் அல்ல. பட்டாளத்தில் வைத்தியருக்குக் கையாளாக இருந்தவன். திரும்பி வந்தபோது அவன் பங்குக்கு வந்த நிலம் உப்புப் பூத்துக் கிடந்தது. நெல் போட்டால் நாற்று கருகியது, உப்புக் காய்ச்சினால் விலை படுத்தது. அண்ணன் தம்பிகள் அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வாசலிலேயே நிற்க வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் புவாசியைக் கட்டிக்கொண்டான். அவள் சிறுவயதிலிருந்தே வெளுத்த பெண். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், கண்ணின் வெள்ளையில் எப்போதும் லேசாக மஞ்சள். அவளுக்கு முதல் கர்ப்பமும் தங்கவில்லை, இரண்டாவதும் தங்கவில்லை.

மூன்றாவது முறை தோங்பான் பட்டாளத்து நண்பன் ஒருவனிடமிருந்து இரும்பு ஊசி வாங்கி வந்தான். ஒவ்வொன்றாகப் போட்டான். ரத்சனி பிறந்தாள்.

எந்தப் பிள்ளை எதனால் தங்கியது என்று யார் கண்டார்கள்? ஊருக்கு ஊசியால் என்று பட்டது. தோங்பானுக்கும் அப்படியே பட்டது. பட்டாளத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவன் டாக்டர் ஆனது அந்தப் பிள்ளையால். அண்ணன்மார்கள் இப்போது அவனுக்கு முதலில் பாய் விரித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரமாகப் புவாசியின் உடம்பு நடமாடிக்கொண்டிருந்தது. அவள் வயலில் தலைசுற்றி உட்கார்ந்தால் அவன் பேர் உட்கார்ந்த மாதிரி. ஆகவே அவளை உட்கார விடக்கூடாது என்று போட்டான். மழைக்கு முன்னால் போட்டான், அறுவடைக்கு முன்னால் போட்டான். கெட்ட எண்ணத்தோடு ஒரு ஊசியும் போட்டதில்லை. அவனைவிட மெதுவான கை அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

வருஷங்கள் போனபோது அவள் வெளுப்பு மாறியது, சிவப்பாக அல்ல. தோலில் ஒரு கருமை ஏறியது. வெயில் படாத வயிற்றிலும் அக்குளிலும்கூடச் சட்டி அடியின் சாம்பல் நிறம். இடது விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று கட்டியாக இறங்கி வந்தது. குனிந்தால் அது தடுத்தது. தாகம் தாகமாக எடுத்தது, பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தாள். ரத்சனி வளர்ந்து, பாங்காக்கில் துணி ஆலைகள் பெருகிய நேரத்தில் தையல் வேலைக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தபோது தாயின் கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்து, "என்னம்மா, எருமையோட போட்டி போடுறியா?" என்றாள்.

"உங்கப்பா இரும்பு ஏத்தி ஏத்தி என்னை மண்வெட்டி ஆக்கிட்டாரு" என்று புவாசி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுத்தான். அது உண்மையென்று அப்போது யாருக்கும் தெரியாது.

அவள் தங்கை லம்யாய் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். லம்யாயின் கடைக்குட்டிப் பெண் ஒய் பிறந்ததிலிருந்தே நோஞ்சான். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, முகம் மெழுகாக இருக்கும். அந்த வருஷம் மூச்சுத் திணறல் வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, வேறு ஆளின் ரத்தம் ஏற்றினார்கள். இது பரம்பரையாக வருகிற ரத்தக் கோளாறு, உங்கள் கூடப் பிறந்தவர்களையும் கூட்டி வாருங்கள், சோதிக்க வேண்டும் என்று லம்யாயிடம் சொன்னார்கள்.

தோங்பான் சந்தோஷமாகவே மனைவியை அனுப்பினான். "போய்ட்டு வா. பரிசோதனைன்னா பண்ணட்டும். எத்தனை வருஷமா ஊசி போட்ட உடம்புன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துவிட்டு மறுவாரம் வரச் சொன்னார்கள். மறுவாரம் வாசனா என்ற நர்ஸ் அக்காளையும் தங்கையையும் நடைவழி பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். பேச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, உங்களுக்கு யாராவது இரும்பு ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"ரொம்ப நாளாவா?"

"எம்பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாலருந்து."

வாசனா பேனாவை மூடி வைத்தாள். "அக்கா, வீட்ல ஒட்டரிசிய ஊற வச்சு மூங்கில் கூடையில வேக வைக்கிறீங்கள்ல. ஒரு நாள் சோறு இல்லைன்னா என்ன காரணமா இருக்கும்? அரிசி தீந்து போயிருக்கலாம். பிள்ளை பெத்து ரத்தம் போன பொண்ணுங்களுக்கு அப்படித்தான், இரும்பு தீந்து போகும். அவங்களுக்குப் பழுப்பு ஊசி போட்டா அரிசி கொட்டுன மாதிரி. சில பேருக்கு அரிசி இருக்கும், ஊற வைக்கத் தண்ணி இருக்காது."

"அது கம்சிங் பெரியவருக்கு. செவப்பு ஊசி" என்றாள் புவாசி.

"அதேதான். அதோ அந்தக் கட்டில்ல படுத்திருக்காரே, அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ரத்தம் ஊறச் சொல்லி உத்தரவு போடுறது கிட்னிதான். வீட்ல எல்லாம் இருக்கு, எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்க ஆளில்லை. அதுக்கு இப்பத்தான் வெளிநாட்லருந்து ஒரு ஊசி வருது. உங்க வீட்ல அரிசி இருக்கு, தண்ணி இருக்கு, அடுப்பும் எரியுது. ஆனா கூடையே பிஞ்ச கூடை. உங்க ரத்தத்தோட அமைப்பே வேற, அது உருவாகும்போதே ஒடைஞ்சு போகுது. பிஞ்ச கூடையில அரிசிய மேல மேல கொட்டினா சோறாகுமா? அடுப்புல விழுந்து கருகும். இரும்பெல்லாம் ஈரல்ல, இதயத்துல, தோல்ல போய்ப் படிஞ்சிருக்கு. இன்னும் ஏத்தினா இதயம் தாங்காது அக்கா."

புவாசி தன் புறங்கையின் கருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் சோதிக்காம இத்தனை வருஷம் ஊசி போட்டவன் யாரு? பேரைச் சொல்லுங்க. அவனப் புடிச்சு உள்ள வைக்கணும்."

லம்யாய் வாயைத் திறந்தாள். புவாசி அவள் தொடையில் கிள்ளினாள்.

"ஊர் ஊரா சுத்துற ஆளு. இப்ப வர்றதில்லை" என்றாள்.

உடம்பிலிருந்து இரும்பை வெளியே இழுக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, அதற்கு மறுமாதம் வாருங்கள், அதுவரை அந்தப் பழுப்பு ஊசி பக்கமே போகாதீர்கள் என்று வாசனா சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் லம்யாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா கிட்ட இன்னிக்கே சொல்லிரு."

"சொல்றேன்" என்றாள் புவாசி.

சொல்லத்தான் நினைத்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் வரையில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். தோங்பான் அவளுக்காக மீன் சுட்டு, பச்சைப் பப்பாளி இடித்து வைத்திருந்தான். அண்ணன்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க. ஒய்க்குத்தான் கோளாறு."

"உனக்கு?"

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கு."

தோங்பான் அண்ணன்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைக் கண்டதும் அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் சரிந்துவிட்டன. அவன் ஊட்டிய சோற்றை வாங்கித் தின்றாள்.

அடுத்த ஊசி நாள் வந்தது. இடுப்பு வலிக்கிறது என்றாள். அதனால்தான் போட வேண்டும் என்றான். தூரம் என்றாள். அப்போதுதான் ரத்தம் குறையும் என்றான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கத்தில் அவனுடைய அக்கறை நின்றுகொண்டிருந்தது. பயோமின் தாய் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். "டாக்டர் வீட்டம்மாவே ஊசிக்குப் பயந்தா நாங்க எங்க போறது?"

புவாசி திரும்பிப் படுத்தாள். மருந்து கசியாமலிருக்க அவன் கட்டைவிரலால் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தான். ஊசி இறங்கியது. கனமான, எரிகிற அந்த மருந்து சதைக்குள் பரவுவதை அவள் இதற்கு முன் எத்தனையோ தடவை உணர்ந்தவள்தான். இப்போது அது எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது. ஈரலுக்குப் போகிறது. இதயத்துக்குப் போகிறது. பாயின் கோரையைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்று கேட்டு, போட்ட இடத்தை அழுத்திவிட்டான்.

"இல்ல."

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்காத வேளை இல்லை. ஊர் சிரிக்கும். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் போலீஸ் வரும். அதெல்லாம்கூடப் போகட்டும். நீ என்னைக் காப்பாற்றவில்லை, இத்தனை வருஷம் உன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறாய் என்று ஒரு மனிதனிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொன்ன பிறகு அவனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? சொல்லாமல் இருந்தால் ஊசி. ஒரு முறை மருந்துப் பெட்டியை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்தாள். எலி இழுத்ததா என்று தேடி அவனே கண்டெடுத்துத் துடைத்து வைத்தான். ஒரு முறை தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் நடக்கக்கூடாதென்று சைக்கிளில் வந்து பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். மறுமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லாமல், அப்படி இன்னும் சில ஊசிகள் ஏறின.

கடைசியில் உடைத்தவள் லம்யாய். ஒரு ஊசி நாளில், ஒய்க்கு ரத்தம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில், அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாள். வீட்டுக்கடியில் கூட்டம் இருந்தது. அக்கா குப்புறப் படுத்திருந்தாள். தோங்பான் பழுப்பு மருந்து நிரப்பிய சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா! இன்னுமா இதப் போட்டுக்கற?" என்று லம்யாய் கத்தினாள். "மாமா, அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அவளுக்கு இரும்பு ஆகாது. அது அவ ஈரல்ல எல்லாம் ஏறிக் கெடக்கு. நர்ஸ் சொன்னா, இதயம் நின்னுரும்னு சொன்னா. நீங்க அவளக் கொல்றீங்க மாமா!"

கம்சிங் பெரியவர் எழுந்து, கிளம்புவதற்குத் தடியைத் தேடினார். பயோமின் தாய் அவருக்கு முன்னாலேயே நடையைக் கட்டினாள்.

தோங்பான் மனைவியைப் பார்த்தான். அவள் பாயிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அது போதுமானதாக இருந்தது. அவன் தூணோரம் போய், மருந்தை மண்ணில் பீய்ச்சினான். அது துருப்பிடித்த நீர்போல மண்ணில் படிந்தது. சிரிஞ்சைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் உப்புக் காட்டுப் பக்கம் நடந்து போனான்.

அவன் சத்தம் போடுவான் என்று புவாசி காத்திருந்தாள், போடவில்லை. அழுவான் என்று நினைத்தாள், அழவில்லை. ஒரு வாரம் ஏணியை ஏறினான், இறங்கினான், வைத்ததைத் தின்றான். பிறகு ஒருநாள் காலை பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நகரத்துக்குப் போனான். வாசனாவிடம் தானே தன் பேரைச் சொன்னானாம். அந்த நர்ஸ் எவ்வளவோ திட்டினாளாம், கையைக் கட்டிக்கொண்டு கேட்டானாம். போலீஸைக் கூப்பிடவில்லை. இரும்பை வெளியே எடுக்கும் மருந்தைத் தினமும் போட வேண்டும், அதற்குத் தினமும் உங்கள் மனைவி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வாழைத்தண்டை முன்னால் வைத்துப் பழக்கி அனுப்பினாள். அதற்குச் சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டால் சொட்டுச் சொட்டாக இறக்கும். ஆனால் அது அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கே போதவில்லை. பெரியவர்களுக்குக் காலையும் மாலையும் வயிற்றுத் தோலுக்கடியில் கையால்தான்.

இப்படியாக, உள்ளே போட்ட கையே வெளியே எடுக்க வந்து நின்றது.

பழுப்பு ஊசி மாதத்துக்குச் சில. இது தினமும், இரண்டு வேளை. வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, சின்ன ஊசியால், மெதுவாக. போட்ட இடம் கொழுக்கட்டை போல வீங்கி அரிக்கும். புவாசியின் வயிற்றில் ஊசி படாத இடம் தேடுவதே பெரிய வேலையாயிற்று. வெளியே வரும் இரும்பு மூத்திரத்தைச் செம்மண் நிறமாக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தோங்பானுக்கு அது ஒரு பிடியாகக் கிடைத்துவிட்டது. விடிந்ததும் ஏணியடியில் நின்று கேட்பான்.

"செவப்பாப் போச்சா?"

"போச்சு."

"நேத்தவிடவா?"

"ம்."

"நல்லாப் பாத்தியா?"

முன்பு அவன் பெருமை அவளைக் கட்டிப் போட்டது. இப்போது அவன் குற்ற உணர்வு கட்டிப் போட்டது. தண்ணீர்க் குடத்தைத் தொடவிட மாட்டான். அவள் பாங்காக்குக்குப் போய் ரத்சனியைப் பார்க்க வேண்டுமென்றால், ஊசி யார் போடுவது என்பான். அவனையும் கூட வரச் சொன்னால், அந்தப் பிள்ளை முகத்தில் விழிக்க முடியாது என்பான். இரும்பு ஊசி கேட்டு வருகிறவர்களை, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துச் சீட்டு வாங்கி வா என்று திருப்பி அனுப்பினான். ஊரில் கைராசி போய்விட்டது என்றார்கள். கம்சிங் பெரியவர் மட்டும் சிவப்பு ஊசிக்கு வந்துகொண்டிருந்தார். "என் கூடை நல்ல கூடைதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

ஒரு மழை நாளில் ரத்சனிக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வந்தது. புவாசி அன்று மாலை பாயில் படுக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினாள்.

"ஊசியக் குடுங்க."

"எதுக்கு?"

"நானே போட்டுக்கறேன். நாளைக்கு நான் பாங்காக் போறேன்."

"உனக்கென்ன தெரியும்? கை நடுங்கும். செப்டிக் ஆயிரும்."

"இருவது வருஷமா ஊசி கொதிக்க வச்சது யாரு? குடுங்க, ரத்சனி அப்பா."

கொடுத்தான். அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தாள். முதல் குத்து ஆழம் போதாமல் மருந்து வெளியே வழிந்தது. பல்லைக் கடித்து இரண்டாவது இடத்தில் குத்தினாள். மருந்து எரிச்சலோடு இறங்கத் தொடங்கியது. தோங்பான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே, திரும்பாமல், கேட்டான். இத்தனை மாதங்களாக அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"ஆஸ்பத்திரிலருந்து வந்தப்பவே உனக்குத் தெரியும். தெரிஞ்சுமா திரும்பிப் படுத்த?"

அவள் சிரிஞ்சை அவசரப்படாமல் கடைசி வரை அழுத்தினாள்.

"படுக்காம எங்க போறது?" என்றாள்.

அவன் காலிச் சிரிஞ்சை வாங்கிப் பாத்திரத்தில் போட்டான்.

மறுநாள் மருந்துப் பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு புவாசி தனியாக பஸ் ஏறினாள். பேத்தியைப் பார்த்தாள். ஆலைத் தொழிலாளிகளின் குறுகலான அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, காலையும் மாலையும் தானே போட்டுக்கொண்டாள். பேத்தியின் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னாள். குழந்தைக்கு நோய் இல்லை, அம்மா வழியில் வந்த சின்ன அடையாளம் மட்டும் இருக்கிறது, கல்யாண வயதில் மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அவள் ஊருக்குத் திரும்பி வந்தாள். வராமல் எங்கே போவாள்? விலாவுக்குக் கீழே இறங்கியிருந்த மண்ணீரலைப் பிற்பாடு அறுத்து எடுத்தார்கள். தோலின் கருமை கொஞ்சம் வெளுத்தது, முழுக்கப் போகவில்லை. ஈரல் கெட்டது கெட்டதுதான், சர்க்கரையும் ஒட்டிக்கொண்டது. ஒய் வயசுக்கு வரும் முன்பே போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த இயந்திரத்தை லம்யாய் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தாள். இதயம் இழுத்துக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில் புவாசி அந்த இயந்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கடியில் உட்கார்ந்திருப்பாள். அது முடியும் வரை எங்கும் நகர முடியாது. தோங்பான் எதிரே உட்கார்ந்து மீன்வலையின் கிழிசலைத் தைப்பான். ஊசி சொட்டி முடிகிறவரை அவனும் எழுந்திருக்க மாட்டான்.